கிரீஸ் தடவியும் செயின் கரகரக்கிறதா?

வணக்கம். ஈசிஆரில் வாரம் மூன்று நாள் சைக்கிள் ஓட்டுகிறேன், கிரீஸ் தடவிய பத்தே நாளில் செயின் கறுத்துக் கரகரக்கிறது, எந்த எண்ணெய் போடலாம் என்று கேட்டிருந்தீர்கள்.

கிரீஸ்தான் வினை. எண்ணெய் தேவைப்படுவது செயினுக்கு வெளியே இல்லை. கண்ணிகளுக்கு நடுவே உருளும் குட்டி உருளைகளுக்கு உள்ளே. கிரீஸ் அங்கே இறங்காமல் வெளியே உட்கார்ந்து மணலைப் பிடித்துவைக்கும். அப்புறம் அது உப்புத்தாள் வேலைதான் பார்க்கும்.

முதலில் டீசலில் பழைய பல்துலக்கியை முக்கித் தேய்த்துக் கழுவி, துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். சைக்கிள் கடையில் டிரை லூப், வெட் லூப் என்று இரண்டு வகை செயின் எண்ணெய் கிடைக்கும். வெயில் நாளில் டிரை. தூசி அவ்வளவாக ஒட்டாது. ஐப்பசி மழையில் அது கழுவிக்கொண்டு போய்விடும், அப்போது வெட். கைவசம் தையல் மிஷின் எண்ணெய்தான் என்றால் அதுவும் சரி, அடிக்கடி விட வேண்டும், அவ்வளவுதான். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம், பிசுக்காகிவிடும்.

பெடலைப் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டே உருளைக்கு ஒரு சொட்டு. ராத்திரி முழுக்க ஊறட்டும். காலையில் பழைய பனியன் துணியால் வெளிப்பக்கத்தை அழுத்தித் துடையுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். டிஸ்க் பிரேக் என்றால் தட்டில் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது.

அதன் பிறகும் சத்தம் வந்தால் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். 24 கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். 1/16 அங்குலத்துக்கு மேல் கூடியிருந்தால் செயினையே மாற்றுங்கள்.