காந்தத்தில் ஒட்டினால் மட்டும் போதாது

கேள்வி: எம்.எஸ்சி. ஆய்வுக்காக மாக்னடைட் (காந்தத்தில் ஒட்டும் கறுப்பு இரும்பு ஆக்சைடு) நுண்துகள்மேல் சிலிக்கா பூசி, குளோரோசல்ஃபோனிக் அமிலம் சேர்த்து வினையூக்கி செய்தேன். பிஜினெல்லி வினையில் (ஆல்டிஹைடு, யூரியா, கீட்டோ எஸ்டர் மூன்றையும் அமிலத்தால் இணைப்பது) முதல் தடவை நல்ல விளைச்சல். மூன்றாம் தடவை பாதிகூட இல்லை. துகள் முழுவதும் காந்தத்தில் ஒட்டித்தானே வருகிறது?

பதில்: ஒட்டுவது நடுவில் இருக்கும் இரும்பு ஆக்சைடு. வேலை செய்வது மேலே இருக்கும் அமிலம். துகள் திரும்பி வந்துவிட்டது. அமிலம் வந்ததா என்று யார் பார்த்தார்கள்?

உங்கள் முறையில் அமிலம் ஆக்சிஜன் வழியாகத்தான் சிலிக்காவோடு பிணைந்திருக்கிறது. தண்ணீர் பட்டால் அந்தப் பிணைப்பு அறுந்து, கந்தக அமிலமாகக் கரைந்துவிடும். பிஜினெல்லி வினையிலேயே தண்ணீர் உண்டாகிறது. முதல் தடவை கிடைத்த விளைச்சலில் ஒரு பங்கு, கரைந்துபோன அந்த அமிலத்தின் உபயமாகவும் இருக்கலாம்.

ஒரு சிட்டிகை புதுத் துகளை வெதுவெதுப்பான காய்ச்சி வடித்த நீரில் அரை மணி நேரம் குலுக்குங்கள். குழாயின் பக்கவாட்டில் காந்தத்தைப் பிடித்து, தெளிந்த நீரை மட்டும் வேறு குழாயில் ஊற்றி, பேரியம் குளோரைடு இரண்டு சொட்டு விடுங்கள். பால்போலக் கலங்கினால், அமிலம் கரைந்து நீரில் வந்துவிட்டது என்று பொருள். முனையில் கந்தகம் உள்ள மெர்காப்டோபுரோப்பைல் சிலேனைச் சிலிக்காவோடு பிணைத்து, ஹைட்ரஜன் பெராக்சைடால் ஆக்சிஜனேற்றம் செய்யும் வழிக்கு மாறுங்கள். அதில் அமிலம் கார்பன் சங்கிலியில் தொங்குவதால் தண்ணீருக்கு அவ்வளவு எளிதில் மசியாது.

காந்தக் கலக்கியும் வேண்டாம். துகளெல்லாம் கலக்கும் குச்சியிலேயே அப்பிக்கொள்ளும். மேலிருந்து சுழலும் கலக்கியைக் கேளுங்கள்.

‘படம், வரைபடம் எல்லாம் எடுத்துத் தருகிறோம்’ என்று கல்லூரி வாசலில் நிற்கும் தரகர்களிடம் பணத்தைக் கொட்டாதீர்கள். ஒரே நுண்ணோக்கிப் படத்தை இரண்டு மாணவர்களின் ஆய்வேடுகளில் பார்த்தவன் நான். அமில அளவை அவர்கள் யாரும் தருவதில்லை. அதற்கு உப்புக் கரைசலும் பியூரெட்டும் சோடியம் ஹைட்ராக்சைடும் நிறங்காட்டியான பினாப்தலீனும் போதும்.

தேர்வாளர்களுக்கோ அதே வினையூக்கியை ஐந்து சுற்று பயன்படுத்தி, ஐந்தும் சம உயரத்தில் பட்டை வரைபடம் வேண்டும். ஒரு மணி நேரத்தில் முடியும் வினையை ஆறு மணி நேரம் ஓட்டினால், பாதி செத்த வினையூக்கியும் அதே உயரத்தைக் காட்டும். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. நீங்களாவது ஒவ்வொரு சுற்றிலும் பதினைந்தாவது நிமிடத்து விளைச்சலை ஒப்பிடுங்கள்.

காந்தத்தையே நம்ப வேண்டிய இடம் ஒன்றே ஒன்று உண்டு. அடுப்பில் உலர்த்தும்போது கறுப்புத் துகள் பழுப்பாகிவிட்டால் பயந்து கொட்டிவிடாதீர்கள். மாக்னடைட் காற்றில் மாக்ஹெமைட் என்ற பழுப்பு இரும்பு ஆக்சைடு ஆகியிருக்கும். அதுவும் காந்தத்துக்கு நன்றாகவே ஒட்டும். பழுப்பு வேறு, செங்கல் சிவப்பு வேறு. கடும் சூட்டில் சிவந்து ஹெமடைட் என்ற இன்னொரு இரும்பு ஆக்சைடு ஆனதுதான் காந்தத்துக்கு ஏறக்குறைய அசையாது. ஆகவே நிறத்தைப் பார்க்காமல், துகளைச் சிறிது எத்தனாலில் கலக்கிக் காந்தத்தைக் காட்டிப் பாருங்கள்.