கொட்டாங்கச்சியில் கரண்ட் எடுக்கலாமா? முதலில் கணக்கைப் பார்ப்போம்

கேள்வி: பேராவூரணி பக்கத்தில் எண்ணெய் மில் வைத்திருக்கிறேன். 15 ஹெச்.பி. எக்ஸ்பெல்லர், கொப்பரை வெட்டும் மெஷின், எலிவேட்டர், லைட் எல்லாம் சேர்த்து மாதம் 2,700 யூனிட் ஓடுகிறது. பில் 24,000 ரூபாய்க்குக் குறையாமல் வருகிறது. தேங்காய் உடைப்பதில் தினமும் 300 கிலோ கொட்டாங்கச்சி சேருகிறது. கஜா புயலுக்குப் பிறகு வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் டீசலிலேயே மில்லை ஓட்டினேன். இப்போதும் அவ்வப்போது ஒரு மணி நேரம் போகிறது. கொட்டாங்கச்சியை வாயுவாக்கி இன்ஜின் ஓட்டும் 20 கிலோவாட் கேசிஃபயர் போட்டால் கரண்ட் பில், டீசல் இரண்டும் மிச்சம் என்று ஒரு கம்பெனிக்காரர் சொல்கிறார். போடலாமா? மீதிக் கரண்டை ஈ.பி.க்கு விற்க முடியுமா?

பதில்: கரண்டுக்காக மட்டும் என்றால் போடாதீர்கள். உங்கள் கொட்டாங்கச்சியில் இன்ஜின் நன்றாகவே ஓடும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. உங்கள் மில்லின் கணக்கு ஒத்துவரவில்லை என்பதுதான் விஷயம். ஏன் என்று சொல்கிறேன். இதே மெஷின் எங்கே லாபமாக ஓடும் என்பதும் அதிலேயே புரிந்துவிடும்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். கேசிஃபயர் என்பது விறகை முழுசாக எரியவிடாத அடுப்பு. தேவையான காற்றில் மூன்றில் ஒரு பங்கைத்தான் உள்ளே விடுகிறோம். சிறிய மின் உற்பத்திக்கு வருவதெல்லாம் பெரும்பாலும் மேலிருந்து கீழே வாயு இறங்கும் வகை. மேல் தட்டில் விறகின் ஈரம் போகிறது. அதற்குக் கீழே விறகு கருகி, புகையும் தாரும் கரியுமாகப் பிரிகிறது. காற்று நுழையும் குழாய்களின் வாயருகே வெப்பம் 1,000 டிகிரியைத் தாண்டும். புகை அந்த நெருப்பு வழியாகத்தான் இறங்கியாக வேண்டும், அப்போது அதிலுள்ள தார் பெரும்பகுதி உடைந்துவிடும். அடியில் தகதகவென்று கிடக்கும் கரிப் படுக்கையில் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் பட்டு, கார்பன் மோனாக்சைடாகவும் ஹைட்ரஜனாகவும் மாறி வெளியே வருகின்றன. அதுதான் இன்ஜினுக்குப் போகும் எரிபொருள். அந்த வாயுவில் பாதி, காற்றோடு வந்த நைட்ரஜன்தான். எரியக்கூடியது 40 சதவீத அளவுக்கே இருக்கும். அதனால் டீசலில் 20 கிலோவாட் தரும் இன்ஜினை இந்த வாயுவுக்கு மாற்றினால் 12 முதல் 14 கிலோவாட் வரைதான் எதிர்பார்க்கலாம். கம்பெனிக்காரர் சொல்லும் 20 கிலோவாட், இன்ஜினின் டீசல் திறனா, வாயுவில் ஓடும்போது கிடைக்கும் திறனா என்று முதலில் கேளுங்கள்.

இப்போது கணக்கு. இந்த அளவு இன்ஜினில் ஒரு யூனிட் கரண்டுக்கு ஒன்றரை கிலோ காய்ந்த விறகோ கொட்டாங்கச்சியோ பிடிக்கும். ஒன்றேகால் கிலோ போதும் என்று விளம்பரத்தில் இருக்கும். அது முழு லோடில், நல்ல காய்ந்த எரிபொருளில் கிடைப்பது. மாதம் 25 நாள் என்று வைத்தால் உங்களுக்கு நாளுக்கு 108 யூனிட், அதாவது சுமார் 160 கிலோ. உங்களிடம் 300 கிலோ இருக்கிறது, ஆகவே அளவு பிரச்சினையே இல்லை. ஆனால் அந்தக் கொட்டாங்கச்சி இன்று குப்பை இல்லை. பொள்ளாச்சி, காங்கேயம் பக்கம் கரி சுடுகிறவர்களும் ஆக்டிவேட்டட் கார்பன் கம்பெனிகளும் அதைத் தேடி வாங்குகிறார்கள். கிலோ 15 ரூபாய்க்கு விற்க முடிகிற கொட்டாங்கச்சியை எரித்தால், ஒரு யூனிட் கரண்டில் 22 ரூபாய் 50 காசு எரிபொருளாக மட்டும் போகிறது. ஈ.பி.க்கு நீங்கள் கொடுப்பது யூனிட்டுக்கு 9 ரூபாய். கொட்டாங்கச்சியை விற்றுவிட்டு அந்தக் காசில் கரண்ட் வாங்குவதே மேல். கிலோ 6 ரூபாய்க்கு இறங்கினால்தான் எரிபொருள் செலவே 9 ரூபாய்க்கு வந்து சேரும். ஆள் கூலி அதற்கு மேல்.

கூலியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். சின்ன கேசிஃபயருக்கு ஷிஃப்டுக்கு ஒரு ஆள் கட்டாயம் வேண்டும். கொட்டாங்கச்சியை உடைத்துப் போட வேண்டும், சாம்பல் தள்ள வேண்டும், ஃபில்டர் பார்க்க வேண்டும், தண்ணீர் மாற்ற வேண்டும். நாளுக்கு 700 ரூபாய் கூலி என்றால் 108 யூனிட்டில் யூனிட்டுக்கு ஆறரை ரூபாய். இதே ஆள் 100 கிலோவாட் மெஷினையும் பார்த்துக்கொள்வார், அங்கே இந்தச் செலவு ஒரு ரூபாய்க்குச் சற்று மேல்தான் வரும். சிறிய அளவின் உண்மையான இடர்ப்பாடு இதுதான். எரிபொருள் இலவசமாகக் கிடைத்தால்கூட, கூலியும் ஆயில் மாற்றுவதும் ஃபில்டரும் சேர்ந்து 9 ரூபாயை நெருங்கிவிடும். கடன் வட்டியை இன்னும் நான் சேர்க்கவே இல்லை.

கொட்டாங்கச்சி வேண்டாம், சீமைக்கருவேலம் வாங்கிப் போடலாமே என்று நீங்கள் நினைக்கலாம். நல்ல எரிபொருள்தான், கட்டை கனமானது, சாம்பலும் குறைவு. ஆனால் வெட்டி, ஏற்றி, இரண்டு அங்குலத் துண்டாக நறுக்கி, ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை காயவைத்து மில் வாசலில் கிலோ 4 ரூபாய்க்குக் கிடைத்தாலும் யூனிட்டுக்கு 6 ரூபாய் எரிபொருள். கூலியையும் பராமரிப்பையும் சேர்த்தால் 14 ரூபாய்க்கு மேல். தேங்காய் மட்டை சும்மாவே கிடக்கிறதே என்று அதைப் போட்டுவிடாதீர்கள். மட்டை லேசானது, உள்ளே கமான் மாதிரி வளைந்து நின்றுகொள்ளும், கீழே இறங்காது. அதன் சாம்பலில் பொட்டாசியம் அதிகம் என்பதால் சூட்டில் உருகிக் கட்டியாகி, காற்றுக் குழாயை அடைக்கும். நெல் உமி என்றால் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். அதற்கென்றே வடிவமைத்த கேசிஃபயர் வேண்டும்.

டீசலோடு ஒப்பிட்டால் படம் மாறும். சிறிய ஜென்செட் லிட்டருக்கு மூன்று, மூன்றேகால் யூனிட் தரும். லிட்டர் 93 ரூபாய் என்று வைத்தால் யூனிட்டுக்கு 28 முதல் 31 ரூபாய். இங்கே கேசிஃபயர் ஜெயிக்கும், ஆனால் இன்ஜின் நாளெல்லாம் ஓடினால் மட்டும். உங்களுக்குக் கரண்ட் போவது ஒரு மணி நேரம். கேசிஃபயரைப் பற்றவைத்து, வாயு சீராக வந்து, இன்ஜினுக்குத் திருப்ப 20 நிமிடம் முதல் அரை மணி நேரம் ஆகும். நீங்கள் தயாராகும் முன் ஈ.பி. கரண்ட் வந்துவிடும். அந்த வேலைக்கு உங்கள் பழைய ஜென்செட்தான் சரி.

கஜா மாதிரி வாரக்கணக்கில் கரண்ட் போனால்? 2018 நவம்பரில் உங்கள் பக்கம் பட்ட பாட்டை மறந்துவிட்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. அந்தப் பயம் நியாயமானது. இருக்கிற டீசல் ஜென்செட்டிலேயே கேசிஃபயரை இணைத்து இரட்டை எரிபொருளில் ஓட்டலாம். டீசலில் ஸ்டார்ட் செய்து, வாயு தயாரானதும் காற்றோடு அதையும் இன்ஜின் உறிஞ்சும்படி விட்டால், டீசல் தேவை நான்கில் ஒரு பங்காகவோ மூன்றில் ஒரு பங்காகவோ குறைந்துவிடும். கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டம் ஹோசஹள்ளியில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் 1988-ல் தொடங்கியது இந்த முறைதான். சில கிலோவாட் மெஷினில் தெருவிளக்கு, குடிநீர், மாவு மில் என்று ஒரு குக்கிராமத்துக்கே சப்ளை கொடுத்தார்கள். ஆனால் உங்கள் மில்லில் இது வருடத்தில் 11 மாதம் சும்மா கிடக்கும். தார் பட்டு ஈரத்தில் நிற்கும் ஸ்க்ரப்பரும் (வாயுவைத் தண்ணீரில் கழுவும் பகுதி) குழாயும் துருப்பிடித்துவிடும், புயலன்று பற்றவைத்தால் ஓடாது. வாரம் ஒருநாளாவது ஓட்டுகிறவருக்கே இது பொருந்தும்.

அப்படியானால் யாருக்குத்தான் இது? ஈ.பி. கம்பி போகாத தீவு, மலைக்காட்டு எஸ்டேட், அல்லது டீசலையே முழுநேரமாக நம்பி ஓடும் இடம். அத்துடன் எரிபொருள், வாங்க ஆளில்லாத கழிவாகக் கையருகே கிடைக்க வேண்டும். மேற்கு வங்கச் சுந்தரவனத்தில் கோசாபா தீவில் 1997-ல் 100 கிலோவாட் வீதம் ஐந்து மெஷின் வைத்து ஊருக்குக் கரண்ட் கொடுத்தார்கள். பீகாரில் ஹஸ்க் பவர் நிறுவனம் 2007-ல் உமி கேசிஃபயரில் கிராமங்களுக்கு மாலை நேர மின்சாரம் கொடுக்கத் தொடங்கியது, பிறகு அதனுடன் சோலாரைச் சேர்த்துக்கொண்டது. நம் பக்கம் மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சி 9 கிலோவாட் கேசிஃபயர் போட்டு, மர மில் கழிவில் குடிநீர் மோட்டாரை ஓட்டியது. இவை எல்லாவற்றிலும் எரிபொருள் மலிவு, ஓடும் நேரமோ நிச்சயம்.

கரண்டைவிட வெப்பத்துக்குத்தான் கேசிஃபயர் தமிழ்நாட்டில் நிலைத்து நின்றிருக்கிறது. நம் ஊர்களில் நகராட்சி, பேரூராட்சி நடத்தும் நவீன எரிவாயு தகன மேடைகளில் பல, விறகு கேசிஃபயரில் ஓடுகின்றன. வெப்பத்துக்கு என்றால் வாயுவை அவ்வளவு சுத்தப்படுத்தத் தேவையில்லை. தார் இருந்தாலும் பர்னரில் சேர்ந்தே எரிந்துவிடும். மூன்று, மூன்றரை கிலோ விறகு ஒரு லிட்டர் ஃபர்னஸ் ஆயிலின் வேலையைச் செய்யும். டீசல், ஃபர்னஸ் ஆயில், கேஸ் சிலிண்டர் எரித்துத் தொழில் செய்கிறவர் யாராவது கேட்டால் யோசிக்காமல் போடச் சொல்வேன். உங்களுக்கு வெப்பம் தேவைப்படுவது மழைக்காலத்தில் கொப்பரை காயவைக்க மட்டும். கொப்பரை 60, 65 டிகிரி சூட்டில் காய்ந்து ஈரம் 6 சதவீதத்துக்கு வந்தால் போதும். அதற்குப் புகை படாமல் சூடான காற்றை மட்டும் உள்ளே தள்ளும் உலர்த்தியும் கொஞ்சம் விறகும் தாராளம். வெயில் காலத்துக்கு பாலிகார்பனேட் கூரை போட்ட சோலார் உலர்த்தி வைத்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் பில்லைக் குறைக்க உங்களுக்குச் சரியான வழி கூரை சோலார்தான். நம் வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் நாளுக்கு நான்கு யூனிட்டுக்குக் குறையாது. மில் ஓடுவதும் பகலில், பேனல் தருவதும் பகலில். ஆள் வேண்டாம், தார் வராது. ஈ.பி.க்குக் கரண்ட் விற்கும் ஆசை இருந்தாலும் அந்த வழியாகவே போங்கள், 20 கிலோவாட் கேசிஃபயரை வைத்துக்கொண்டு அந்தப் பேச்சே வேண்டாம். யூனிட்டுக்கு 14 ரூபாய் செலவழித்துச் செய்ததை யாரும் அந்த விலைக்கு வாங்கப்போவதில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகும், சும்மா கிடைக்கும் மரக்கழிவும் நீண்ட நேர ஓட்டமும் உள்ள ஒருவர் இதைப் படித்துக்கொண்டிருப்பார் என்று தெரியும். அவருக்காக இன்னும் கொஞ்சம். இன்ஜினின் எதிரி தார். லோடு பாதிக்குக் கீழே போனால் உள்ளே சூடு குறைந்து தார் கூடும், ஆகவே பெரியதாக வாங்காதீர்கள். லோடு 12 கிலோவாட் என்றால் வாயுவில் 14 தருவது போதும். 15 ஹெச்.பி. மோட்டார் நேரடியாக ஸ்டார்ட் ஆனால் ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுத்து கேஸ் இன்ஜினை நிறுத்திவிடும், மோட்டாரை மெல்ல வேகமெடுக்க வைக்கும் சாஃப்ட் ஸ்டார்ட்டரோ வி.எஃப்.டி.யோ வைத்தே ஆக வேண்டும். சைலன்ஸரில் வெளியேறும் சூட்டை வீணாக்காமல் விறகு காயவைக்கப் பயன்படுத்துங்கள். ஸ்க்ரப்பர் தண்ணீரில் பீனால் என்ற நச்சு இருக்கும், வாய்க்காலில் விடவே கூடாது. தொட்டி கட்டி, வடிகட்டித் திரும்பத் திரும்பச் சுற்றவிட வேண்டும்.

கார்பன் மோனாக்சைடு விஷயத்தில் ஒரு சமரசமும் கூடாது. அது ஆளைக் கொல்லும் விஷ வாயு, அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. ஷெட் நாலு பக்கமும் திறந்திருக்கட்டும். சுவரில் இந்த வாயுவைக் கண்டால் ஒலிக்கும் சி.ஓ. அலாரம் மாட்டுங்கள். இரவு வாட்ச்மேன் அதற்குள் படுக்கக் கூடாது. ஓடும்போது இன்ஜின் உறிஞ்சுவதால் கசிவு இருந்தால் வாயு வெளியே வராது, காற்று உள்ளே போகும். அது வெடிக்கும் கலவை. விறகு போட மூடியைத் திறக்கும்போது முகத்தை அதற்கு நேரே கொண்டுபோகவே கூடாது. நிறுத்திய பிறகு உள்ளே தங்கிய வாயு மெல்லக் கசியும், அடுத்த நாள் காலைவரை அந்த ஷெட்டை ஜாக்கிரதையாகவே அணுகுங்கள்.

வாங்குமுன், அதே கம்பெனி போட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஓடும் மெஷினைப் போய்ப் பாருங்கள். ஷோரூம் மெஷின் வேண்டாம். லாக் புத்தகம் கேளுங்கள்: எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை கிலோ போட்டார்கள், எத்தனை யூனிட் வந்தது. இன்ஜினுக்கு முன்னால் உள்ள சாம்பிள் குழாயைத் திறக்கச் சொல்லி, வெள்ளைத் துணியை ஐந்து நிமிடம் பிடிக்கச் சொல்லுங்கள். சாம்பல் நிறத் தூசி மட்டும் படிந்தால் ஃபில்டர் பிரச்சினை, சரிசெய்யலாம். பழுப்பாகப் பிசுபிசுத்தால் தார் இன்ஜினுக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், அந்த மெஷினை வாங்காதீர்கள்.