ஆறு லீவ்ர் எக்யூ: கேள்வி பதில்

18-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அரச வெள்ளிக் காசுகள் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். அதிகம் கேட்கப்பட்டது எக்யூ பற்றித்தான். எனக்கும் மிகப் பிடித்த காசு அதுவே.

சார், புதிதாகச் சேர்க்கத் தொடங்குகிறேன். எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

15-ஆம் லூயியின் 1726-க்குப் பிந்தைய எக்யூவிலிருந்து. அதற்கு முன் காசின் எடை நிலையாக இல்லை. 1709-இல் 30.59 கிராம், 1718-இல் 24.47 கிராம். 1720-இல் ஜான் லா என்ற ஸ்காட்லாந்துக்காரரின் காகிதப் பணத் திட்டம் கவிழ்ந்தபோது குழப்பம் உச்சத்துக்குப் போனது. 1726-இல் ஒரு மார்க் (அந்தக் கால எடை அளவு) வெள்ளிக்கு 8.3 எக்யூ என்று வரையறுத்தார்கள். அதாவது ஒரு காசு 29.488 கிராம், 1000-க்கு 917 பங்கு வெள்ளி, மதிப்பு ஆறு லீவ்ர் (அந்தக் காலப் பிரெஞ்சுப் பண அலகு). 16-ஆம் லூயி காலத்திலும் இந்த எடை மாறவில்லை. எதையும் இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்பதால் கற்பவருக்கு நல்ல அளவுகோல்.

அண்ணா, நான் வாங்கிய 1764 காசில் ராஜாவின் கன்னத்தில் இணைகோடுகள் இருக்கின்றன. யாரோ கீறிவிட்டார்களா?

பயப்படாதே தம்பி. அது காசு அடிக்கும் அக்கசாலையிலேயே விழுந்த அரத்தடம். வில்லைகளைச் சற்றுக் கூடுதல் எடையில் வெட்டி, ஒவ்வொன்றையும் தராசில் வைத்து, அரத்தால் ராவிச் சரியான எடைக்குக் கொண்டுவருவார்கள். பிறகுதான் அச்சில் அடிப்பார்கள். அச்சின் மிக ஆழமான பள்ளம் கன்னம், முடி இருக்கும் இடம். அங்கே வெள்ளி முழுதாக ஏறி நிரம்பாவிட்டால் அரக்கோடு அழியாமல் தங்கிவிடும். பின்னால் விழுந்த கீறலென்றால் உருவத்தை வெட்டிக்கொண்டு போகும், அதன் ஓரத்தில் வெள்ளி பிதுங்கி நிற்கும். லென்ஸ் வைத்துப் பார். இந்தத் தடத்தைக் காட்டி விலை குறைப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பெயர் தெரியாத ஒரு தொழிலாளியின் கை பட்ட இடம் அது.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் எடை. தேய்ந்த காசு அரை கிராம் குறையலாம். இரண்டு கிராம் குறைந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடுத்தது அடர்த்தி: நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு அளந்தால் 10.3 அளவில் வர வேண்டும். மூன்றாவது விளிம்பு. புகைப்படத்தில் பலரும் காட்டாத பகுதி, நான் முதலில் கேட்பதும் அதைத்தான். ‘ஆண்டவரே, அரசரைக் காத்தருளும்’ என்று பொருள்படும் ‘டோமினே சால்வும் ஃபாக் ரேஜெம்’ அங்கே சுற்றிலும் இருக்கும். வார்ப்புப் போலியில் எழுத்து மழுங்கி, குறுக்கே ஒரு பொருத்துக்கோடு தெரியும்.

என் காசில் ஒரு சின்னப் பசு. இது என்ன?

‘போ’ (Pau) என்ற பிரெஞ்சு நகரத்து அக்கசாலையின் அடையாளம். அந்த நகரம் இருக்கும் பெயார்ன் பகுதியின் சின்னம் பசு. மற்ற ஊர்களுக்கு எழுத்து: பாரிசுக்கு ஏ, லீலுக்கு டபிள்யூ, பயோனுக்கு எல். பயோன் காசு அதிகம் கிடைக்கும். ஸ்பெயின் எல்லை பக்கத்தில் இருப்பதால் அமெரிக்கக் கண்டத்து வெள்ளி பியாஸ்தர் என்ற ஸ்பானியக் காசுகளாக அங்கே வந்து இறங்கி உருக்கப்பட்டது.

என் எக்யூவில் கரடி முத்திரை குத்தியிருக்கிறது.

சுவிட்சர்லாந்தின் பெர்ன். மறுபக்கம் 40 பாட்சன் (சுவிஸ் பண அலகு) என்று இருக்கும். 1816 முதல் பிரெஞ்சு எக்யூக்களை இப்படி முத்திரையிட்டுப் புழக்கத்தில் விட்டார்கள். தனியாகத் தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள்; விற்றுவிடாதீர்கள்.

கறுத்துவிட்டது. புளி போட்டுத் தேய்க்கச் சொல்கிறார் அக்கா, தேய்க்கலாமா?

வேண்டாம். புளி, விபூதி, பல்பொடி எதுவும் வேண்டாம். பூஜைப் பாத்திரத்துக்குச் சரி, இதற்கு ஆகாது. அந்தக் கருமை இருநூறு வருஷத்தில் படிந்தது. தேய்த்தால் கூடவே மேற்பரப்பும் போகும், திரும்ப வராது. பிசுபிசுப்பு இருந்தால் அசிட்டோனில் ஊறவைத்து, துடைக்காமல் உலர விடுங்கள்.

புதுச்சேரியில் எக்யூ அடித்தார்களா?

இல்லை. அங்கே அடித்தது ஒருபக்கம் கிரீடமும் மறுபக்கம் லில்லி மலர்களும் உள்ள, ‘பணம்’ என்ற சிறு வெள்ளிக் காசு. 1736-இல் ஆளுநர் துய்மா, ஆர்க்காட்டு நவாப் தோஸ்து அலியிடம் உரிமை பெற்றபின், முகலாயப் பேரரசர் பெயரில் ரூபாயும் அடித்தார்கள்.

16-ஆம் லூயிக்கு இரண்டு வகை எக்யூ இருக்கிறதே, எதை வாங்க?

முடிந்தால் இரண்டையும். 1774-இலிருந்து வந்தது ஒலிவக் கிளை வகை: லத்தீனில் ‘தெய்வ அருளால் பிரான்சு, நவார் நாடுகளின் அரசர்’ என்று இருக்கும். புரட்சிக்குப் பின் வந்ததைச் செதுக்கியவர் ஓகுஸ்தென் துப்ரே. லத்தீன் போய் பிரெஞ்சு வந்தது. ‘பிரான்சின் அரசர்’ போய் ‘பிரெஞ்சுக்காரர்களின் அரசர்’ வந்தது. பின்பக்கம் லில்லிக் கேடயம் இருந்த இடத்தில் சிறகுள்ள உருவம் ஒன்று அரசியலமைப்பை எழுதிக்கொண்டிருக்கிறது, மேலே ‘சட்டத்தின் ஆட்சி’. அரசரின் தலை 1793 ஜனவரி 21-இல் வெட்டப்பட்டது. அவர் முகத்தோடு 1793 என்று ஆண்டு போட்ட காசுகள் உண்டு. விலை அதிகம், 1792 காசு எளிதாகக் கிடைக்கும், அதையே வாங்குங்கள்.