புள்ளி மறைந்தால் நோய் போய்விட்டதா? புது மீனோடு வரும் வெண்புள்ளி

கேள்வி: வீட்டில் 2 அடி மீன் தொட்டி வைத்திருக்கிறேன். கப்பி, மோலி, இரண்டு கோரி மீன்கள் ஐந்து மாதமாக நன்றாக இருந்தன. இரண்டு வாரத்துக்கு முன் ஆறு நியான் டெட்ரா வாங்கி வந்து, கவரைக் கொஞ்ச நேரம் மிதக்கவிட்டு, அப்படியே தொட்டியில் கொட்டினேன். நான்காம் நாள் நியான்களின் மேல் உப்புத்தூள் மாதிரி வெள்ளைப் புள்ளிகள். கடைக்காரர் ஒரு நீலச் சொட்டு மருந்தும் டெட்ராசைக்ளின் கேப்சூலும் கொடுத்தார். தண்ணீரை முழுக்க மாற்றி, ஃபில்டரைக் குழாய்த் தண்ணீரில் கழுவி, இரண்டு மருந்தையும் போட்டேன். புள்ளி மறைந்தது. இப்போது எல்லா மீன்களிலும் முன்பைவிட அதிகமாக வந்திருக்கிறது. சில மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா? இனி புது மீனை எப்படிச் சேர்ப்பது?

பதில்: கொட்ட வேண்டாம். மீன்களைக் காப்பாற்ற இன்னும் நேரம் இருக்கிறது. ஆனால் உங்கள் தொட்டியில் இப்போது இரண்டு பிரச்சினைகள் இருக்கின்றன. ஒன்று மீனோடு வந்தது. மற்றது அந்த மருந்தோடும் ஃபில்டர் கழுவலோடும் வந்தது. இரண்டாவதுதான் அவசரம், அதை முதலில் பார்ப்போம்.

மேலே வந்து வாய் பிளப்பதற்கு வெண்புள்ளி மட்டும் காரணமாக இருக்காது. ஃபில்டருக்குள் இருக்கும் பஞ்சில் நல்ல பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை மேலும் நைட்ரேட்டாகவும் மாற்றுவது அவற்றின் வேலை. அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு விஷம். இந்த பாக்டீரியாக் கூட்டம் முழுதாக வளர நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் பஞ்சைக் கழுவியபோது பாதி போயிருக்கும். நீலச் சொட்டு என்று நீங்கள் சொல்வது பெரும்பாலும் மெத்திலீன் புளூ. மிச்சம் இருந்ததை அது பதம் பார்த்திருக்கும். முட்டையில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க, தனிப் பாத்திரத்தில் போட அது நல்ல மருந்துதான். ஓடும் ஃபில்டர் உள்ள தொட்டிக்கு அது ஆகாது.

அதனால் இன்றைக்குச் செய்ய வேண்டியது: மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். புதுத் தண்ணீரில் குளோரின் நீக்கி கலந்திருக்க வேண்டும், சூடு தொட்டியோடு ஒத்துப்போக வேண்டும். ஏர் பம்பை முழு வேகத்தில் ஓட விடுங்கள். இரண்டு நாள் தீனி வேண்டாம்; மீன் செத்துவிடாது. ஃபில்டரில் கார்பன் பை ஒன்றைப் போட்டால் நீல மருந்து மெல்ல வெளியேறும். சோதனை கிட் ஒன்று வாங்கி அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் பாருங்கள். இரண்டும் 0 ஆக இருக்க வேண்டும். இல்லையென்றால், 0 ஆகும்வரை தினமும் கால் பங்குத் தண்ணீர் மாற்றம். ஃபில்டரை இனி தொடாதீர்கள். பஞ்சு அடைத்துக்கொண்டால், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே ஒருமுறை பிழிந்தால் போதும்.

சரி, இப்போது வெண்புள்ளி. இது ஓர் ஒட்டுண்ணி. நாம் புள்ளி என்று பார்ப்பது மீனின் தோலுக்கு அடியில் புகுந்து உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும் ஒற்றைச் செல் உயிரி. அங்கே இருக்கும்வரை தொட்டியில் போடும் மருந்து பெரும்பாலும் அதைத் தொடாது. வயிறு நிறைந்ததும் தோலைக் கிழித்துக்கொண்டு விழுந்து, கீழே கல்லிலோ செடியிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி ஓர் உறை கட்டுகிறது. உறைக்குள் அது நூற்றுக்கணக்கில் பிரிகிறது. உறை உடைந்து வெளியே நீந்தும் குஞ்சுகளுக்கு ஒன்றிரண்டு நாளுக்குள் ஒரு மீன் கிடைக்க வேண்டும், கிடைக்காவிட்டால் சாவு. மருந்து கொல்வது பெரும்பாலும் இந்த நீந்தும் கட்டத்தைத்தான்.

இப்போது உங்கள் கதையைத் திரும்பிப் பாருங்கள். புள்ளி மறைந்தது மருந்தால் அல்ல, அவை தாமாகவே கீழே இறங்கிவிட்டன. நோய் மும்மடங்காகக் கிளம்பத் தயாரான அந்த நேரத்தில்தான் நீங்கள் குணமாகிவிட்டது என்று நினைத்தீர்கள். "இரண்டு நாளில் புள்ளி போகும்" என்று கடையில் சொன்னது பொய் இல்லை, கவனியுங்கள். எந்த மருந்தும் போடாமலேயே போகும். இந்த ஒரு தந்திரத்தை வைத்தே எத்தனையோ பாட்டில்கள் விற்கின்றன.

டெட்ராசைக்ளின் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது பாக்டீரியாவுக்கான மருந்து. வெண்புள்ளி பாக்டீரியா இல்லை. போதாததற்கு, கடினத் தண்ணீரில் இருக்கும் கால்சியம் இந்த மருந்தைப் பிடித்துக்கொள்வதால், வேலை செய்ய வேண்டிய நோயிலும் அது சரியாக வேலை செய்யாது. மனிதருக்கான கேப்சூலை உடைத்துக் கண்ணளவில் தொட்டியில் கொட்டுவதால் மருந்துக்கு அடங்காத கிருமிகள்தான் வளரும். மீனை விற்பவரே மருந்தையும் விற்கிறார், நோயையும் அவரே கண்டுபிடிக்கிறார். தோலில் ஒரு சுரண்டல் எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால் சில நிமிடத்தில் தெரிந்துவிடும் நோய் இது. ஆனால் அதைச் செய்ய ஆள் கிடைப்பதில்லை. கால்நடை மருத்துவர்களில் மீனைத் தொட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. நாய்க்கும் பூனைக்கும் இருக்கும் மரியாதை மீனுக்கு எங்கே இருக்கிறது!

வெண்புள்ளிக்கு நான் முதலில் சொல்வது வெப்பம். ஹீட்டரைக் கொண்டு சில மணி நேரத்துக்கு ஒரு டிகிரி என்ற கணக்கில், ஒன்றிரண்டு நாள் எடுத்துக்கொண்டு 30 டிகிரிக்குக் கொண்டுபோங்கள். அந்தச் சூட்டில் இந்த ஒட்டுண்ணியால் பெரும்பாலும் பெருக முடியாது. பத்து நாளாவது அப்படியே வைத்திருங்கள். கடைசிப் புள்ளி மறைந்து ஒரு வாரம் ஆகும்வரை இறக்காதீர்கள். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும், அதனால் காற்றுக் குமிழி நிற்கவே கூடாது. இரண்டு நாளுக்கு ஒருமுறை அடிக்கல்லை சைஃபன் குழாயால் உறிஞ்சி எடுங்கள். கீழே ஒட்டியிருக்கும் உறைகளில் ஒரு பங்கு அதோடு போகும்.

வெப்பத்துக்கு வழியில்லை என்றால் மாலகைட் கிரீன் உள்ள மருந்து. பாட்டிலின் மேல் என்ன பொருள் இருக்கிறது என்று எழுதியிருக்க வேண்டும். "ஆல் இன் ஒன்", "எல்லா நோய்க்கும்" என்று மட்டும் போட்டு உள்ளே என்ன என்று சொல்லாத பாட்டிலை வாங்கவே வாங்காதீர்கள். நியானுக்கும் செதிலில்லாத மீன்களுக்கும் பாதி அளவுதான். கோரியையும் இந்தக் கணக்கிலேயே வையுங்கள். அளவு போடுமுன் தொட்டியின் கொள்ளளவைக் கணக்கிடுங்கள். கடையில் "60 லிட்டர் தொட்டி" என்பார்கள். 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், தண்ணீர் நிற்கும் உயரம் 25 செ.மீ. என்றால், மூன்றையும் பெருக்கி 1000-ஆல் வகுக்க 45 லிட்டர் வரும். கல்லையும் அலங்காரத்தையும் கழித்தால் 40 தான் தேறும். 60-க்கு மருந்து போட்டால் ஒன்றரை மடங்கு. மருந்து போடும் நாள்களில் கார்பன் பையை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் மருந்து முழுக்க அதற்குள் போய்விடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் 30 டிகிரிக்கு ஏற்றுவதற்கு முன் ஒரு விஷயத்தை நிச்சயம் செய்துகொள்ளுங்கள். இதைப் பலமுறை சொல்லியும் யாரும் கேட்பதாகத் தெரியவில்லை, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். எல்லா வெள்ளையும் வெண்புள்ளி அல்ல. கோலம்னாரிஸ் என்று ஒரு பாக்டீரியா நோய் இருக்கிறது. வாயைச் சுற்றிப் பஞ்சு ஒட்டியது போலவோ, முதுகில் சேணம் போட்டது போலச் சாம்பல் திட்டாகவோ வரும். துடுப்பின் ஓரம் நைந்துபோகும். நியான்களில் உடம்பின் நடுவே நிறம் வெளுத்த பட்டையாகவும் தெரியும். பார்ப்பதற்குப் பூஞ்சை போலவே இருப்பதால் பூஞ்சை மருந்தைக் கொடுத்துவிடுவார்கள். இந்த நோய்க்குச் சூடு கொண்டாட்டம். 30 டிகிரியில் ஓரிரு நாளில் தொட்டியையே காலி செய்துவிடும். "மீனுக்கு நோயா, சூட்டை ஏற்று" என்று யார் சொன்னாலும், புள்ளியை நீங்களே பார்க்காமல் ஹீட்டரைத் திருகாதீர்கள்.

எப்படிப் பார்ப்பது? இரவில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைக் கண்ணாடியின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். மீன் கண்ணாடிக்கு அருகில் வரும்வரை பொறுமையாக இருங்கள். வெண்புள்ளி என்றால் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாக, உப்புக்கல் அளவில், லேசாகப் புடைத்து நிற்கும். வாலின் கண்ணாடி போன்ற பகுதியில் எண்ணவே முடியும். பஞ்சுபோல இருந்தாலோ, விளிம்பு கலைந்த திட்டாக இருந்தாலோ அது வெண்புள்ளி இல்லை. அப்போது சூட்டைக் கூட்டாமல் 24 டிகிரிக்கு மெல்ல இறக்கி, அந்த மீனைத் தனியே எடுத்து, ஆன்டிபயாடிக் தரத் தெரிந்த மருத்துவரைத் தேட வேண்டும். இரண்டும் சேர்ந்தே இருந்தால்? அப்போதும் சூடு வேண்டாம். பாதி அளவு மாலகைட் கிரீனால் வெண்புள்ளிக்கு மருத்துவம் பாருங்கள், சூட்டை 24-லேயே வையுங்கள், நாள் கூடினாலும் பரவாயில்லை. சூடு குறைந்தால் ஒட்டுண்ணியின் சுற்றும் மெதுவாகும், அதனால் மருந்தை இன்னும் அதிக நாள் தொடர வேண்டும். ஒரு மீனுக்கு வாயில் பஞ்சு, மற்றவற்றுக்கு வெறும் புள்ளி என்றாலும் இதேதான்; எல்லாம் ஒரே தண்ணீரில் இருக்கின்றன.

உடம்பு முழுக்கத் தங்கப்பொடி தூவியது போல டார்ச்சில் மின்னினால் அது வெல்வெட் என்ற வேறொரு ஒட்டுண்ணி. அதற்குத் தாமிரம் கலந்த மருந்து வேண்டும். தொட்டியில் இறாலோ நத்தையோ இருந்தால் அவை அந்த மருந்தில் செத்துவிடும்.

இனி புது மீன் விஷயம். நீங்கள் கேட்டது எப்படிச் சேர்ப்பது என்று. நேரே சேர்க்கக் கூடாது, அவ்வளவுதான். பண்ணையிலிருந்து மொத்த வியாபாரி, அவரிடமிருந்து இன்னொருவர், அப்புறம் கடை. சில நாளில் அந்த மீன் மூன்று நான்கு தண்ணீர் மாறிவிடுகிறது. வழியில் பல பண்ணைகளின் மீன்கள் ஒன்றாகக் கலக்கின்றன. கடையில் வரிசையாக இருக்கும் தொட்டிகளுக்குப் பெரும்பாலும் ஒரே ஃபில்டர், எல்லாவற்றுக்கும் ஒரே வலை. ஒன்றில் நோய் என்றால் எல்லாவற்றிலும் நோய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மீனைச் சில வாரம் நிறுத்திவைத்துப் பார்க்கும் செலவை இந்தச் சங்கிலியில் யாரும் ஏற்பதில்லை. கடைசியில் அது உங்கள் தலையில் விழுகிறது. "இன்று வந்த ஃப்ரெஷ் லாட்" என்று சொன்னால் அன்று வாங்காதீர்கள். பயணக் களைப்பில் சாகிற மீன் முதல் சில நாளில் சாகும். அது கடையிலேயே நடக்கட்டும். "குவாரன்டைன் செய்த மீன்" என்று கூடுதல் விலை சொன்னால், எந்தத் தொட்டியில், எத்தனை நாள் என்று கேளுங்கள். பதிலைவிட முகத்தைப் பாருங்கள். உங்கள் கண்ணெதிரே தீனி போடச் சொல்லி, தின்கிற மீனை மட்டும் வாங்குங்கள். துடுப்பை உடம்போடு ஒட்டி வைத்திருக்கும் மீன் ஒன்று அந்தத் தொட்டியில் இருந்தாலும் வந்துவிடுங்கள்.

வாங்கிய மீனை முதலில் ஒரு தனித் தொட்டியில் நிறுத்திவையுங்கள். அதற்கு 20, 30 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி போதும். கல் வேண்டாம், ஒளிந்துகொள்ள ஒரு துண்டு பிளாஸ்டிக் குழாய், மேலே மூடி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர். அந்த ஸ்பாஞ்சை ஒரு மாதம் முன்பே பெரிய தொட்டியில் ஓடவிட்டு வைத்தால் பாக்டீரியா தயாராக இருக்கும். உங்கள் தொட்டியில் நோய் தீர்ந்த பிறகுதான் இதைத் தொடங்க வேண்டும். புது மீன் அங்கே நான்கு வாரம். நடுவில் இன்னொரு மீன் வந்து சேர்ந்தால் கணக்கு முதலிலிருந்து. தீனியை முதலில் பெரிய தொட்டிக்கு, பிறகு இங்கே. வலையும் குழாயும் தனித்தனி. மீனோடு இருந்த செடியும் நத்தையும்கூட உறையைக் கொண்டுவரும், அவற்றையும் மீனில்லாத பாத்திரத்தில் ஒரு வாரம் வையுங்கள்.

கவர் தண்ணீரைத் தொட்டியில் கொட்டியது நீங்கள் செய்த இன்னொரு தவறு. அரை மணி, ஒரு மணிப் பயணம் என்றால், முடிச்சோடு பதினைந்து இருபது நிமிடம் மிதக்கவிட்டு, பிரித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீர் சேர்த்து, மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். கவர் தண்ணீர் சாக்கடைக்கு. பார்சலில் ஒரு நாள் பயணம் செய்து வந்த மீனுக்கு முறை வேறு. மூடிய கவருக்குள் மீன் விடும் கரியமில வாயுவால் தண்ணீரின் பி.எச். (அமில, கார அளவு) இறங்கியிருக்கும், அதனால் சேர்ந்த அம்மோனியா கெடுதல் குறைந்த வடிவில் இருக்கும். கவரைத் திறந்ததும் வாயு வெளியேறி, பி.எச். ஏறி, அதே அம்மோனியா விஷமாகிவிடும். திறந்துவைத்து மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுவது இந்த மீனைக் கொல்லும் வேலை. முடிச்சை அவிழ்க்காமல் மிதக்கவிட்டு, சூடு ஒத்துப்போனதும் அறுத்து, உடனே தனித் தொட்டிக்கு மாற்றுங்கள்.

இப்போது இருக்கும் மீன்களில் கடைசிப் புள்ளி மறைந்து நான்கு வாரம் ஆகும்வரை தொட்டியில் எதையும் சேர்க்க வேண்டாம். தொட்டியைச் சுத்தம் செய்ய என்று சக்கர் மீனைத் தள்ளிவிடுவார்கள், அதுவும் வேண்டாம். ஒருவேளை எல்லா மீனும் போய்விட்டால்கூட ஃபில்டரை ஓட்டி, 28 டிகிரியில் இரண்டு வாரம் மீனில்லாமல் விடுங்கள். ஒட்டுண்ணி பட்டினியில் ஒழிந்துவிடும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் தொட்டிக்குள் விடாதீர்கள். மீன் தொட்டியிலிருந்து மனிதத் தோலுக்குத் தொற்றும் ஒரு பாக்டீரியா உண்டு, ஆறாத கட்டியாக மாதக்கணக்கில் நிற்கும். வலையையும் சைஃபன் குழாயையும் வெயிலில் நன்றாகக் காயவைத்தால் போதும், உலர்ந்த இடத்தில் வெண்புள்ளி பிழைக்காது.