முர்ரே ஆற்று ஈரநிலங்களுக்குத் தண்ணீர்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஆஸ்திரேலியாவின் முர்ரே ஆற்றில் தண்ணீர் ஓடும்போதே கரையோர ஏரிகள் வறண்டு கிடக்கின்றனவே, ஏன்?

பதில்: ஆறு ஓடினால் போதாது, பெருக வேண்டும். முன்பெல்லாம் குளிர்கால மழையும் உருகிய பனியும் வசந்தத்தில் ஆற்றை உயர்த்தின. நீர் ஓடைகளில் புகுந்து ஏரிகளை நிரப்பியது. இப்போது ஹியூம், டார்ட்மவுத் அணைகள் அந்தப் பெருக்கைப் பிடித்துவைத்துக் கோடைப் பாசனத்துக்குத் திறக்கின்றன. விக்டோரியா மாநிலத்தின் ஹட்டா ஏரிகளுக்கு வழி சால்க்கா ஓடைதான். ஆற்று மட்டம் ஏறாவிட்டால் அதில் நீர் நுழையாது. 1997 முதல் 2009 வரை நீடித்த பெரும் வறட்சிக்குப் பின், அங்கே நிரந்தரப் பம்ப் நிலையமே கட்ட வேண்டியதாயிற்று.

கேள்வி: விவசாயியின் தண்ணீரைப் பறித்து ஏரிக்கும் கரையோர மரத்துக்கும் ஊற்றுவது நியாயமா?

பதில்: பறிப்பதில்லை, விலைகொடுத்து வாங்குகிறார்கள். ஆஸ்திரேலியாவில் நீர் உரிமையை நிலத்திலிருந்து பிரித்து விற்கலாம். 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி, இயற்கைக்கான பங்கை வைத்திருக்க மத்திய அரசில் தனி அதிகாரி இருக்கிறார். வறண்ட ஆண்டில் அவருடைய ஒதுக்கீடும் குறையும். ஆனாலும் ஊர்க்காரர்களின் மனக்குறையை நான் தள்ளிவிட மாட்டேன். நாலு பேர் விற்றுவிட்டுப் போனால், வாய்க்கால் பராமரிப்புச் செலவு மிஞ்சியவர்கள் தலையில்தான் விழுகிறது.

கேள்வி: கஷ்டப்பட்டு நிரப்பிய ஏரியை மறுபடி ஏன் வற்ற விடுகிறார்கள்?

பதில்: அடிக்கடி வரும் கேள்வி. ஏரி நிறைந்திருந்தால்தான் நமக்கு மனம் நிறைகிறது. கரையோரம் வளரும் ரெட் கம் என்ற யூகலிப்டஸ் மரத்துக்கு அப்படியில்லை. வெள்ளம் அதற்கு உயிர், ஆனால் ஆண்டுக்கணக்கில் நின்ற நீர் வேரை மூச்சுத்திணற வைக்கும். தடுப்பணைகளுக்கு மேலே நீருக்குள் பட்டுப்போய் நிற்கும் மரங்கள் அதற்குச் சாட்சி. வற்றும்போது சேறு வெடித்துக் காற்று படுகிறது, புற்களும் கோரைகளும் முளைக்கின்றன, வெளிநாட்டிலிருந்து வந்த கெண்டை மீன்களும் சாகின்றன. பம்ப் வாயில் சல்லடை வைத்தாலும் அது பெரிய கெண்டையைத்தான் தடுக்கும், குஞ்சு நுழைந்துவிடும்.

ஆனால் எங்கும் இதே விதி என்று எண்ண வேண்டாம். கழிமுகத்துக்கு அருகிலுள்ள அலெக்சாண்டிரினா ஏரியின் அடிமண்ணில் கந்தகச் சேர்மங்கள் இருக்கின்றன. முன்பு சொன்ன பெரும் வறட்சியில் வெளியே தெரிந்த சேறு காற்றுப்பட்டு அமிலமாக மாறியது. சுண்ணாம்பைக் கொட்டிச் சமாளித்தார்கள். அரிவாள்மூக்கன்கள் கூடுகட்டியிருக்கும் இடத்திலும் நீரைச் சட்டென்று இறக்கக் கூடாது. முட்டையையும் குஞ்சையும் விட்டுவிட்டுப் பறந்துவிடும்.

கேள்வி: நீர் விட்டதும் ஆறு கறுத்து மீன் செத்தால்?

பதில்: பல ஆண்டுச் சருகு நீரில் ஊறித் தேயிலைச் சாயம்போல் இறங்குகிறது. அதைத் தின்னும் பாக்டீரியாக்கள் நீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. வெயிலில் வேகம் கூடும். குளிர்ந்த பருவத்தில், சிறிது சிறிதாக விட்டால் ஆபத்து குறைவு.

கேள்வி: ஏரிகளுக்கு நீர்விடும் பணிக்கு நன்கொடை தரலாமா?

பதில்: தரலாம். அரசுத் திட்டங்கள் பெரிய காடுகளைக் கவனிக்கும். தனியார் நிலத்திலுள்ள சிறு ஏரிகளை எட்டுவது பெரும்பாலும் தொண்டு அமைப்புகள்தான். தெற்கு ஆஸ்திரேலியாவின் நேச்சர் பவுண்டேஷன் அத்தகைய ஒன்று. பாசனக்காரர்கள் தங்கள் பங்கில் மிஞ்சும் நீரையே கொடுப்பதும் உண்டு. பணம் தருமுன் மூன்றைக் கேளுங்கள்: ஏரி கடைசியாக எப்போது நிரம்பியது, பம்ப் செலவு யாருடையது, அடுத்த முறை நிரப்ப ஏற்பாடு உண்டா. மூன்றாவதற்குப் பதில் வராவிட்டால் நான் வேறு அமைப்பைத் தேடுவேன். வாடிய மரம் ஒரே நனைப்பில் தேறுவது அபூர்வம்.