ராயல்டியை நம்பி வேலையை விடலாமா?

கேள்வி: என் இரண்டு சிறுகதைத் தொகுப்புகள் ஒப்பந்தம் ஏதும் இல்லாமலே வெளிவந்தன. இப்போது நாவலுக்குப் பதிப்பாளர் ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறார். எழுத்தில் மாதம் 25,000 ரூபாய் வந்தால் வேலையை விட்டுவிடலாம் என்றிருக்கிறேன். நடக்குமா? ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: நாவலின் விலை 250 ரூபாய், ராயல்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பிரதிக்கு 25 ரூபாய். நீங்கள் சொல்லும் தொகைக்கு மாதம் 1,000 பிரதி விற்க வேண்டும், வருடத்துக்கு 12,000. சில நூறு பிரதி அடித்து, தீர்ந்தால் மறுபடி அடிப்பதுதான் இன்று தமிழில் பரவலான வழக்கம். நாவலை நம்பி வேலையை விடாதீர்கள்.

மாதச் செலவைத் தாங்கக்கூடியது மொழிபெயர்ப்பு, சப்டைட்டில், மெய்ப்புத் திருத்தம் போன்ற கூலி எழுத்து. கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. வேலையில் இருந்துகொண்டே ஆறு மாதம் செய்து பாருங்கள். மொழிபெயர்ப்புக்குப் பக்கக் கணக்கில் கூலி பேச வேண்டாம். எழுத்துருவின் அளவைக் குறைத்தால் ஒரே பக்கத்தில் ஒன்றரைப் பக்க வேலை வந்து உட்காரும். சொல் கணக்குதான் சரி, அதுவும் மூலத்தின் சொல் கணக்கு. வேற்றுமை உருபுகளெல்லாம் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் ஆங்கிலத்தில் 1,000 சொல் உள்ள கட்டுரை தமிழில் கணிசமாகச் சுருங்கும். தமிழ்ச் சொல்லை எண்ணிக் காசு வாங்கினால் நஷ்டம் உங்களுக்கு.

இனி ஒப்பந்தம். ராயல்டி 'அச்சிட்ட விலையில்' என்றிருக்கிறதா, 'நிகர வரவில்' என்றிருக்கிறதா? கடைக்காரருக்கு 40 சதவீதக் கழிவு போனால் 250 ரூபாய்ப் புத்தகத்தில் பதிப்பாளருக்கு வருவது 150. அதில் 10 சதவீதம் 15 ரூபாய்தான். நூலக ஆணையில் (அரசு நூலகங்களுக்கு மொத்தமாக வாங்குவது) போகும் பிரதிகளுக்கு எந்த விலையில் ராயல்டி, எப்போது என்பதைத் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். அந்தப் பணம் தாமதமாக வருவதால் மனஸ்தாபம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

'சகல உரிமைகளும் பதிப்பகத்துக்கே' என்ற வரி இருந்தால் அடித்துவிடுங்கள். அச்சு உரிமையை மட்டும் கொடுங்கள், அதையும் மூன்று அல்லது ஐந்து வருடத்துக்கு. மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் எல்லாம் தனித்தனி உரிமைகள், தனித்தனியாக விலைபோகும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றே கொள்ளப்படும். எழுதிக் கையெழுத்திடாத உரிமை மாற்றம் செல்லவே செல்லாது. ஆகவே முதல் இரண்டு தொகுப்புகளின் உரிமை இன்னும் உங்களிடம்தான். இதைப் பதிப்பாளரிடம் சண்டையாகச் சொல்ல வேண்டாம். ஒரு மின்னஞ்சலில் விற்பனைக் கணக்கு கேட்டுவிட்டு, புதிய ஒப்பந்தத்தில் அவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தொகுப்புகளை அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் நீங்களே ஏற்றலாம். இந்திய விற்பனைக்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் அமேசானின் 'கேடிபி செலக்ட்' திட்டத்தில் சேர வேண்டும், இல்லாவிட்டால் 35தான். சேர்ந்தால் 90 நாளுக்கு அதே மின்னூல் வேறெங்கும் இருக்கக் கூடாது. பிரதிலிபி போன்ற கதைத் தளத்திலோ சொந்த வலைப்பூவிலோ முன்பு போட்ட கதைகளை எடுக்க மறந்துவிட்டுச் சேர்பவர்கள்தான் அமேசானின் எச்சரிக்கைக் கடிதம் வந்த பிறகு விழிக்கிறார்கள்.

பான் எண்ணைப் பதிப்பாளரிடம் முன்பே கொடுத்துவிடுங்கள். டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடித்துக் கட்டும் வருமான வரி) பிடிக்க வேண்டிய தொகை வந்தால் ராயல்டியில் 10 சதவீதம் பிடிப்பார்கள். பான் இல்லையென்றால் 20. புத்தக ராயல்டியில் 3 லட்சம் ரூபாய் வரை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம், ஆனால் பழைய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு மட்டும். சம்பளத்துக்குப் புதிய முறையில் இருக்கிறீர்களா என்று அலுவலகக் கணக்குப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள்.