ஐ7 போட்டா வேகம் வந்துடுமா? ஆபீஸ் கம்ப்யூட்டர் கேள்வி பதில்

ஆபீஸ் டெஸ்க்டாப்புல பிராசஸர், ராம் மாத்துறது பத்திக் கேளுங்கன்னு போன வாரம் சொல்லியிருந்தேன். நன்னிலத்துலேருந்து வேதாரண்யம் வரைக்கும் கேள்வி வந்திருக்கு. எல்லாம் சின்ன ஆபீஸ், உழைச்ச காசு. அதுல ஒரு ரூபாகூட வீணாகக் கூடாதுன்னு யோசிச்சுத்தான் எழுதியிருக்கேன்.

நன்னிலம், உரக்கடை: அண்ணே, ஐ3-4130, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். டாலியும் பிரௌசரும் சேர்த்துத் திறந்தா அப்படியே நின்னுடுது. பிராசஸரை ஐ7-ஆ மாத்தினா சரியாயிடும்னு சொல்றாங்க. போடலாமா?

தம்பி, காசு கையிலயே இருக்கட்டும். மெஷின் திணறுற நேரத்துல கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அமுக்குங்க. டாஸ்க் மேனேஜர் வரும். அதுல சிபியு (பிராசஸர்), மெமரி (ராம்), டிஸ்க் மூணுக்கும் சதவீத எண் ஓடும். டிஸ்க் 100-லயே நிக்குது, மெமரி 90-ஐத் தாண்டிடுச்சு, சிபியு மட்டும் 20, 30-ல கிடக்குதுன்னா பிராசஸர் மேல ஒரு குத்தமும் இல்லை.

நெல்லு காயப்போடுற களத்தை நினைச்சுக்குங்க. ராம்தான் களம், ஹார்ட் டிஸ்க் பத்தாயம், பிராசஸர் வேலை செய்யிற ஆள். களம் சின்னதுன்னா பாதி நெல்லை வாரிப் பத்தாயத்துல கொட்டிட்டு மீதியை எடுத்துவந்து பரப்பணும். ஆள் பத்துப் பேரா ஆனாலும் அலைச்சல்தான் மிஞ்சும். 4 ஜிபி மெஷின்ல விண்டோஸ் நாள் பூரா இப்படித்தான் அலையுது.

அதனால முதல்ல 256 ஜிபி எஸ்எஸ்டி (சுழல்ற தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) போட்டு விண்டோஸை அதுக்கு மாத்துங்க. அடுத்து ராமை 8 ஜிபி ஆக்குங்க. இந்த ரெண்டுலயே நீங்க கேட்ட வேகம் வந்துடும். அப்பவும் சிபியு 100-ல நின்னா பழைய ஐ5-4570 ஒண்ணு தேடுங்க. அதே 1150 சாக்கெட்தான் (போர்டுல பிராசஸர் உக்கார்ற இடம்). ரெண்டு கோர் இருந்த இடத்துல நாலு கோர் கிடைக்கும். உரக்கடைக் கணக்குக்கு ஐ7 தேவையே இல்லை.

மன்னார்குடி, இ-சேவை மையம்: அண்ணா, 8 ஜிபி ராம் போட்டும் 3.2 ஜிபிதான் பயன்படுத்தலாம்னு காட்டுது. ஏமாந்துட்டேனா?

இல்லைம்மா, ராம் நல்ல ராம்தான். உங்க விண்டோஸ் 32 பிட். சாதா விண்டோஸ்ல 32 பிட்னா 4 ஜிபிக்கு மேல எடுத்துக்காது, அதுலயும் கொஞ்சம் மத்த பாகங்களுக்குப் போயிடும். 64 பிட் விண்டோஸைப் புதுசா இன்ஸ்டால் பண்ணணும். அதுக்கு முன்னாடி பிரிண்டருக்கும் கைரேகை மெஷினுக்கும் 64 பிட் டிரைவர் இருக்கான்னு பார்த்து எடுத்து வச்சுக்குங்க. அதை மறந்தா மறுநாள் காலையில மையத்துல கூட்டம் நிக்கும்போது தவிக்கணும்.

வேதாரண்யம், உப்பு வியாபாரம்: புது ராம் செருகினதும் ஸ்கிரீனே வரலை சார், பீப் சத்தம் மட்டும் வருது. பழசை மட்டும் வச்சாலும் இப்ப அதே கதை.

பழசும் ஓடலைன்னா ராம் கெட்டுப்போகலைன்னு நம்பலாம், பெரும்பாலும் தொடுமுனையிலதான் கோளாறு. உங்க ஊர் உப்புக்காத்துல ராம் ஓரத்துல இருக்கிற தங்கப் பட்டைகள் சீக்கிரம் மங்கிடும். பிளக்கையே சுவத்துலேருந்து உருவிடுங்க. பவர் பட்டனைப் பத்து விநாடி அமுக்கிப் பிடிச்சு மிச்ச கரன்ட்டை வடியவிடுங்க. கேபினெட் இரும்பை ஒரு தடவை தொட்டுட்டு ராமை எடுங்க. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க வச்சிருக்கிற வெள்ளை ரப்பரால பட்டை மேல ஒரே திசையில மெதுவா தேய்ச்சா, பழுப்பு போய்ப் பளிச்சுன்னு மஞ்சள் தெரியும். ரப்பர் தூளை நல்லாத் தட்டிடுங்க. ஸ்லாட்டை பிரஷ்ஷால துடைங்க. வாயால ஊதாதீங்க, எச்சில் ஈரம் படும்.

பிறகு ஒரு ராமை மட்டும் போட்டு ஆன் பண்ணுங்க. ரெண்டு பக்கமும் 'டிக்'னு கிளிப் விழணும். படம் வந்தா அடுத்ததைச் சேருங்க. ராம்ல இருக்கிற வெட்டு ஸ்லாட் மேட்டோட பொருந்தலைன்னா அது வேற வகை. டிடிஆர்3 ஸ்லாட்டுல டிடிஆர்4 ஏறாது, அழுத்திப் பார்க்காதீங்க.

கும்பகோணம், பத்திரிகை அடிக்கிற அச்சகம்: எச்110 போர்டு, ஐ3-6100. ஐ5-8400 ஒண்ணு சல்லிசா வருது. ரெண்டுமே 1151 தானே, வாங்கிடவா?

வாங்காதீங்க! எண் ஒண்ணுதான், பொருத்தம் வேற. ஐ5-8400 8-ஆம் ஜென் (தலைமுறை); 8, 9-ஆம் ஜென் பிராசஸர்களுக்கு 300 வரிசை சிப்செட் (போர்டோட முக்கிய சிப்) இருக்கிற போர்டு வேணும். எச்110-ல 6, 7-ஆம் ஜென் மட்டும்தான் ஓடும். சாக்கெட்டுல உக்காந்துக்கும், ஆனா கம்ப்யூட்டர் எழுந்திருக்காது. இந்த ஒரே எண்ணை நம்பிக் காசு விட்டவங்களை நிறையப் பார்த்துட்டேன். உங்களுக்கு ஐ5-6500 இல்லைன்னா ஐ5-7500 சரியா இருக்கும்.

7-ஆம் ஜென் போடுறதா இருந்தா, பழைய பிராசஸர் உள்ள இருக்கும்போதே பயாஸை (ஆன் பண்ணினதும் மெஷினை எழுப்புற, போர்டுலயே இருக்கிற மென்பொருள்) அப்டேட் பண்ணிடணும். திருவாரூர் பக்கம் ஒரு ஆபீஸ்ல நான் அப்டேட் ஓட்டிக்கிட்டிருந்தப்ப கரன்ட் போச்சு. யூபிஎஸ் இருக்கேன்னு தைரியமா இருந்தேன். அதோட பேட்டரி செத்து எத்தனை மாசமோ. போர்டு அங்கேயே படுத்துடுச்சு. பயாஸ் சிப்பைத் தனியாக் கழட்டி எழுதித்தான் எழுப்பினோம், நாலு நாள் ஆச்சு. அன்னையிலேருந்து யூபிஎஸ் பிளக்கை உருவி மெஷின் நிக்குதான்னு பார்த்துட்டுத்தான் பயாஸ் பக்கமே போவேன். ஐப்பசி, கார்த்திகை மழையில இந்த வேலையைத் தள்ளிப்போடுங்க.

பாபநாசம், கூட்டுறவுச் சங்க ஊழியர்: ஐ5-7500, 8 ஜிபி, நல்லாவே ஓடுது சார். ஆனா விண்டோஸ் 11 ஏறலை. பிராசஸர் மட்டும் மாத்தினா ஏறுமா?

ஏறாது சார். இன்டெல்ல பெரும்பாலும் 8-ஆம் ஜென்லேருந்துதான் விண்டோஸ் 11-க்கு ஒப்புதல், கூடவே டிபிஎம் 2.0 (சாவிகளைப் பத்திரமா வைக்கிற பாதுகாப்பு வசதி) வேணும். உங்க போர்டு 8-ஆம் ஜென்னை ஏத்துக்காது, மேல சொன்ன காரணம்தான். விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுபோச்சு. சோதனையைத் தாண்டி 11-ஐ ஏத்துற குறுக்கு வழி இருக்கு. வீட்டு மெஷின்னா பரவாயில்லை. உங்க கம்ப்யூட்டர்ல ஊர்ச் சனங்களோட பயிர்க்கடனும் நகைக்கடனும் இருக்கு. அதுல வேண்டாம்னு கேட்டுக்கிறேன். இந்த மெஷினுக்கு இனிச் செலவு பண்ணாம, மாத்துறதுக்கு இப்பவே எழுதிப் போடுங்க. பழசு வாங்கினாலும் 8-ஆம் ஜென்னுக்குக் கீழ போகாதீங்க.

பட்டுக்கோட்டை: சர்வர் ராம் 16 ஜிபி பாதி விலைக்குக் கிடைக்குது. போடலாமா?

அது சர்வர் போர்டுக்குன்னே செய்யிற ரெஜிஸ்டர்டு ஈசிசி ராம். சாதா டெஸ்க்டாப்புல ஓடாது, விட்டுடுங்க.

திருவாரூர், ஆடிட்டர் ஆபீஸ்: பிராசஸர் மாத்தினதும் நீல ஸ்கிரீன்ல 48 இலக்க எண் கேக்குது. கிளையன்ட் ஃபைல் எல்லாம் உள்ள இருக்கு, பயமா இருக்கு.

பயப்படாதீங்க, ஃபைல் போகலை. டிஸ்க் விண்டோஸோட பிட்லாக்கர் பூட்டால பூட்டியிருக்கு; பிராசஸர் மாறினதும் அதுக்குச் சந்தேகம் வந்துடுச்சு. விண்டோஸ் போட்டப்ப குடுத்த மைக்ரோசாஃப்ட் கணக்குல வேற மெஷின்லேருந்து நுழைஞ்சா, ரெக்கவரி கீ அங்கே இருக்க வாய்ப்பு அதிகம். அங்கே கீ இல்லைன்னா, டிபிஎம்மை ரீசெட் பண்ணவான்னு எது கேட்டாலும் வேண்டாம்னு சொல்லிட்டுப் பழைய பிராசஸரையே திரும்பப் போடுங்க, பல நேரம் திறந்துக்கும். திறந்ததும் முதல் வேலையா கீயைக் காகிதத்துல எழுதி பீரோவுல வைங்க.

மயிலாடுதுறை, ரைஸ்மில்: இன்டெல் பிராசஸரை நானே மாத்தலாம்னு இருக்கேன். எதுல கவனமா இருக்கணும்?

தாராளமா செய்யுங்க. மில்லுல உமித்தூசி ஃபேன் அடியில கம்பளி மாதிரி அப்பியிருக்கும், முதல்ல வாசல்ல வச்சு பிரஷ் போட்டுச் சுத்தம் பண்ணுங்க. ஃபேனோட நாலு குமிழையும் அம்புக்குறி காட்டுற பக்கம் திருப்பி மேல இழுத்தா கழண்டுக்கும். உங்களோடதுல ஊசியெல்லாம் சாக்கெட்டுலதான் இருக்கும், முடி மாதிரி மெல்லிசா. அதுல விரலோ துணியோ படவே கூடாது. ஒண்ணு வளைஞ்சா போர்டே போன மாதிரி. பிராசஸர் ஓரத்து வெட்டையும் மூலையில இருக்கிற சின்ன முக்கோணத்தையும் பார்த்து, ரெண்டு விரலால பிடிச்சு நேரா இறக்கி வைங்க. அழுத்த வேண்டாம், தானா உக்காரும்.

பிராசஸர் மேல சூட்டைக் கடத்துற பழைய பேஸ்ட்டை நல்லாத் துடைச்சுட்டு, நடுவுல பட்டாணி அளவு புதுசு வைங்க. விரலால பூசாதீங்க, ஃபேன் அழுத்தமே பரப்பிடும். குமிழ்களைத் திருப்பின பக்கத்துலேருந்து பழையபடி ஆக்கிட்டு, எதிரெதிர் மூலையா அமுக்குங்க. ஃபேன் ஒயரைச் செருக மறந்துடாதீங்க. ஆன் பண்ணினதும் பயாஸுக்குள்ள போய்ப் பத்து நிமிஷம் சூட்டைக் கவனிங்க. 80 டிகிரியைத் தாண்டி ஏறிக்கிட்டே போனா ஒரு குமிழ் சரியா இறங்கலைன்னு அர்த்தம். ஆஃப் பண்ணிட்டுப் போர்டோட பின்பக்கத்தைப் பாருங்க, நாலு காலும் விரிஞ்சு வெளிய வந்திருக்கணும்.